ஒரே செய்தியில் நானும் தம்பியும்

வெள்ளம் வந்த அந்த வாரத்தில் இரண்டு முகங்களை நாடே திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒன்று என்னுடையது. அழுதுகொண்டிருக்கும் ஒரு தமிழ்ப் பெண், பக்கத்தில் கால் இல்லாத கணவர். இன்னொன்று, கையில் இரும்புக் கம்பியோடு கடையிலிருந்து வெளியே வரும் ஒரு தாடிக்காரன். முதல் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டியவர்கள் இரண்டாவதைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றவர்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவன் என் தம்பி.

அப்போது நாங்கள் தலைநகரை அடுத்த கிள்ளானில், ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, தாழ்வான ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தோம். மாடி இல்லாத வரிசை வீடு. நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசையில் வேலை பார்த்தேன். என் கணவர் முன்பு பேருந்து ஓட்டியவர். சர்க்கரை நோயில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தக் காலை அவர் யாருக்கும் காட்டமாட்டார். வாசலுக்கு வருவதென்றாலும் கைலியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வருவார். எனக்கே, மருந்து போடும்போது மட்டும்தான் அதைப் பார்க்கக் கிடைக்கும்.

தம்பி துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டினான். மனைவி பிரிந்துபோன பிறகு எங்கள் பின் அறைக்கு வந்துவிட்டான். ஆள் பார்வைக்கு முரடு. தோளிலிருந்து முழங்கைவரை புலி பச்சை குத்தியிருப்பான், காதில் கடுக்கன், மார்புவரை தாடி. சாலைத் தடுப்பில் போலீஸ், முன்னால் போகும் வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு அவனை மட்டும் ஓரங்கட்டச் சொல்லும்.

"மூஞ்சி அப்படிக்கா. என்னா செய்ய" என்பான்.

மழை முந்தின நாளிலிருந்து விடவில்லை. காலையில் கால்வாய் நிறைந்து வாசல்வரை தண்ணீர் நின்றது. அது எங்களுக்குப் பழக்கம்தான். நான் துணிமணிகளைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஒரு லோரி கல்லைக் கொட்டியதுபோலச் சத்தம் கேட்டது. ஆற்றின் தடுப்பு உடைந்த சத்தம் அது என்று பிறகு சொன்னார்கள். அடுத்த கணம் சமையலறைக் கதவு கீலோடு பிய்ந்து உள்ளே விழுந்தது. அதன்மேல் ஏறிக்கொண்டு தண்ணீர் வந்தது. தண்ணீர் என்று சொல்லிவிடுகிறோம். அது சேறும் டீசல் நாற்றமும் உடைந்த பலகையுமாக வந்த ஒரு சுவர். என்னை இடுப்பில் அடித்து அலமாரியோடு சேர்த்து நசுக்கியது. ஐஸ் பெட்டி மிதந்து சுழன்று வந்து என் கணவரின் மார்பில் இடித்தது. அவர் நாற்காலியோடு கவிழ்ந்தார். கவிழ்ந்தவர் மேலே வரவில்லை.

தம்பி பின் அறையிலிருந்து நீந்தித்தான் வந்தான். தலையை உள்ளே விட்டு, தடவி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டியது. முதுகில் இரண்டு அறை அறைந்தான்.

"மச்சான், கழுத்தக் கட்டிக்குங்க. விட்டுறாதீங்க. அக்கா, என் பெல்ட்டப் பிடி."

அவர் தலையிலிருந்து ரத்தம் வழிந்து தம்பியின் தோளிலிருந்த புலியை நனைத்தது.

வாசலில் இரும்புக் கேட்டைத் தண்ணீர் அழுத்தித் திறக்கவிடாமல் பிடித்திருந்தது. தம்பி லோரி டயர் மாற்றும் இரும்புக் கம்பியை எப்போதும் வாசலிலேயே மாட்டி வைத்திருப்பான். அதைக் கேட்டுக்கு அடியில் கொடுத்து, கணவரைச் சுமந்தபடியே நெம்பினான். கேட், அது ஓடும் தண்டவாளத்தைவிட்டுக் கழன்று எங்களை உரசிக்கொண்டு போனது. என் முழங்கையில் சதை கிழிந்து தொங்கியது. அப்போது வலி தெரியவில்லை.

எதிர் வரிசையில் பாசார் சந்தைக்கு ஐஸ் போடும் ஒருவர் இருந்தார். தினமும் காலையில் எனக்குக் கையசைப்பவர். அவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கார் மிதந்து வந்தது. அவரையும் கம்பத்தையும் சேர்த்து இடித்தது. கார் விலகியபோது கம்பம் மட்டும் சாய்ந்து நின்றது. எங்களால் நிற்க முடியவில்லை. நின்றிருந்தால் நாங்களும் போயிருப்போம். தண்ணீர் வடிந்த பிறகு அவர் உடலைப் பேருந்து நிறுத்தத்தின் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து எடுத்தார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு மாடிக் கடை வரிசை. மூலைக் கடை, தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் மினி மார்க்கெட். அவர் முந்தின நாளே கடையைச் சாத்திவிட்டு செராஸிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மாடிக்குப் படி கடைக்கு உள்ளே இருந்தது. வெளியே அண்டை வீட்டு மக்சிக் கழுத்துவரை தண்ணீரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த மலாய்க்காரம்மா அவர். இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரு இளம்பெண் தன் கைக்குழந்தையைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்துத் தலைக்குமேல் தூக்கியிருந்தாள்.

தம்பி என் கணவரை அந்த ஜன்னல் கம்பியில் தொற்றவைத்தான். பக்கக் கதவு கண்ணாடி. கேட்டை நெம்பிய இரும்புக் கம்பியை ஓங்கி அடித்தான். முதல் அடியில் வெடித்தது, அடுத்த அடியில் உள்ளே சரிந்தது. தண்ணீர் அவனையும் சேர்த்து உள்ளே உறிஞ்சியது. எழுந்தபோது வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழிந்திருந்தது. அந்தக் கையாலேயே உள்ளிருந்த இரும்பு வலைக் கதவின் பூட்டை உடைத்தான். ஒவ்வொருவராகப் படியில் தூக்கிப் போட்டான். தூக்கிப் போட்டான் என்றுதான் சொல்லவேண்டும். மெல்ல ஏற்ற நேரம் இல்லை. மக்சிக்கின் முட்டி பெயர்ந்தது. என் கணவரின் தாடை படியில் இடித்து உதடு பிளந்தது.

மேலே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் அன்று முழுக்கக் கிடந்தோம். யாரும் வரவில்லை. கைப்பேசிகள் செத்துவிட்டன. தம்பியின் கையை மக்சிக் தன் தூடோங்கை அவிழ்த்துக் கட்டினார். தலைத்துணி இல்லாமல் அவர் அந்நிய ஆண்கள் நடுவே உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை குழந்தை அழுவதையும் நிறுத்திவிட்டது. தாய்க்குப் பால் இல்லை. குழந்தையின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. தம்பி கீழே இறங்கினான். கடைக்குள் தண்ணீர் மார்பளவு. மேல் தட்டுகளிலிருந்து பால் மாவு டின், தண்ணீர் புட்டி, பிஸ்கெட் எடுத்து வந்தான். குழந்தை குடித்தது. அதைப் பார்த்துவிட்டு எதிர்க் கடை மாடியிலிருந்து ஒருவர் கத்தினார். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள். தம்பி மறுபடி இறங்கினான். ஒரு பெட்டி பால் மாவைத் தோளில் வைத்துக்கொண்டு, நடுவில் ஆழம் பார்க்க அந்த இரும்புக் கம்பியை ஊன்றிக்கொண்டு, கடையை விட்டு வெளியே வந்தான்.

அந்த நேரத்தில்தான் படகு வந்தது.

மீட்புப் படகு என்று நினைத்தோம். முன்னால் ஒருவர் தோளில் கேமராவோடு நின்றார். பக்கத்தில் மழைக்கோட்டில் ஒரு பெண். படகு தூரத்திலேயே நின்றது. தம்பி கம்பியைத் தூக்கி ஆட்டினான்.

"இங்க வாங்க! கொழந்த இருக்கு! மேல ஆளுங்க இருக்காங்க!"

மேலிருந்து நாங்களும் கத்தினோம். மோட்டார் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ, படகு திரும்பிப் போய்விட்டது. தம்பி கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு எதிர்க் கடைக்கு நீந்தினான். பெட்டியை மேலே கொடுத்துவிட்டுத் திரும்பினான். கொஞ்ச நேரத்தில் வேறு படகு, தீயணைப்பு வீரர்களோடு, வந்தது. இடம் போதவில்லை. குழந்தையையும் தாயையும் மக்சிக்கையும் எங்களையும் ஏற்றினார்கள்.

"நீங்க போங்கக்கா. நான் மத்தவங்கள ஏத்திட்டு வரேன்" என்றான் தம்பி.

மேட்டுச் சாலையில் எங்களை இறக்கினார்கள். கால் தரையில் பட்டதும் எனக்கு அழுகை வெடித்தது. அதுவரை வராத அழுகை. கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்த அந்த ஐஸ்காரர்தான் கண்ணுக்குள் இருந்தார். கண்ணைத் துடைத்துப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் கேமரா. அந்த மழைக்கோட்டுப் பெண் ஒரு தொலைக்காட்சியின் நிருபர். இளவயசு. அவளும் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது.

"அக்கா, எல்லாம் போச்சாக்கா? கேமராவப் பாத்துச் சொல்லுங்க."

"எங்க தம்பி இன்னும் அங்க இருக்கான். படகு அனுப்பச் சொல்லும்மா."

"அனுப்புவாங்கக்கா. வீடு போச்சுன்னு சொல்லுங்க. அங்கிள், அந்தப் போர்வைய கொஞ்சம் தள்ளுங்க."

என் கணவருக்கு அவள் சொன்னது உடனே புரியவில்லை. உதடு வீங்கி, காது அடைத்து உட்கார்ந்திருந்தார். அவளே குனிந்து போர்வையை விலக்கினாள். கேமரா தாழ்ந்து வந்து அந்தக் காலில் நின்றது. அவர் கையால் மறைத்தார். கேமரா அந்தக் கையையும் எடுத்துக்கொண்டது.

எங்களை ஒரு பள்ளி மண்டபத்தில் தங்க வைத்தார்கள். மாலையில் மண்டபத்துத் தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. முதலில் நான். என் வாய் அசைகிறது, ஆனால் சத்தம் இல்லை. தம்பிக்குப் படகு அனுப்பச் சொன்ன இடம் அது. அதன்மேல் சோகமான இசையைப் போட்டிருந்தார்கள். பிறகு என் கணவரின் கால். மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். ஒரு அம்மா என் தலையைத் தடவினார்.

அடுத்ததாக, இசை மாறியது. கதவு உடைந்த கடை. கம்பியோடும் பெட்டியோடும் தம்பி. கம்பியைத் தூக்கிக் கேமராவைப் பார்த்து ஆட்டுகிறான். வாயைத் திறந்து கத்துகிறான். மக்கள் துயரத்தில் தவிக்கும் நேரத்திலும் சிலர் கைவரிசையைக் காட்டுகிறார்கள் என்றது குரல். அவன் எதிர் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது அதில் இல்லை. மேல் ஜன்னலில் கத்திக்கொண்டிருந்த நாங்களும் இல்லை.

"இவனுங்கள சுட்டுத் தள்ளணும்" என்றார் என் தலையைத் தடவிய அம்மா.

"அது எங்க தம்பி" என்றேன். "எங்களக் காப்பாத்தினதே அவன்தான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பாயை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை தம்பி வந்து சேர்ந்தான். கடைசி ஆளையும் ஏற்றிவிட்டு வந்திருக்கிறான். கால்சட்டையோடு, மேலே சட்டை இல்லாமல், கையில் மக்சிக்கின் தலைத்துணிக் கட்டோடு பள்ளிக் கேட்டில் நுழைந்தான். நான் சிற்றுண்டிச் சாலையில் வரிசையில் நின்றேன். அவனைப் பார்த்தது நான் மட்டும் இல்லை.

யாரோ புலியைக் காட்டினார்கள். யாரோ கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள். "இவன்தான்" என்று ஒரு குரல். முதலில் ஒருவன் போய் அவன் மார்பில் கையை வைத்துத் தள்ளினான். தம்பி சிரித்தான். அவனுக்கு என்னவென்றே தெரியாது. அவன் செய்தியைப் பார்க்கவில்லை.

"என்னா பாஸ்?"

முதல் குத்து வாயில் விழுந்தது. பிறகு எல்லோரும் அவன்மேல் விழுந்தார்கள். தமிழர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், எல்லோரும் இருந்தார்கள். வீடு போனவர்கள், கார் போனவர்கள், இரண்டு நாளாக யாரை அடிப்பது என்று தெரியாமல் இருந்தவர்கள். தண்ணீரை அடிக்க முடியாது. மடக்கு நாற்காலியால் முதுகில் அடித்தார்கள். துடைப்பக் கட்டையால் அடித்தார்கள். அவன் கிழிந்த கையால் முகத்தை மூடினான். கட்டு அவிழ்ந்து ரத்தம் சிமெண்டில் சொட்டியது. ஒருவன் அந்தக் கையை மிதித்தான்.

நான் உள்ளே புகுந்தேன். "அடிக்காதீங்க, எங்க தம்பி, எங்க தம்பி" என்று கத்தினேன். ஒருவன் என்னை இரண்டு தோளையும் பிடித்துப் பத்திரமாகத் தூக்கி ஓரத்தில் வைத்தான். எங்கள் தாமானில் அடுத்த லோரோங்கில், அடுத்த சந்தில், இருப்பவன்.

"அக்கா, நீங்க பாவம். டிவியில பாத்தேன். நீங்க ஒதுங்கிக்குங்க" என்றான். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தம்பியின் முகத்தில் காலால் உதைத்தான்.

அந்த உதையிலா, நாற்காலி முனையிலா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. வலது கண் உள்ளேயே கிழிந்துவிட்டது.

போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது. தம்பியைத்தான் விலங்கு மாட்டி ஏற்றினார்கள். தவுக்கே செராஸில் செய்தியைப் பார்த்துவிட்டு, கடையை உடைத்தவன் இவன் என்று புகார் கொடுத்திருந்தார். மருத்துவமனையிலும் அவன் இடது கையைக் கட்டிலோடு பூட்டியிருந்தார்கள். வலது கை முழுக்கத் தையல். கண்ணை எடுத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். மயக்கம் தெளிந்ததும் கேட்டான்.

"கொழந்த பொழச்சிருச்சாக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன்க்கா அடிச்சாங்க?"

வெளியே போய்க் கழிப்பறைச் சுவரில் கையால் குத்தினேன். முழங்கைத் தையல் பிரிந்தது.

அந்த நாட்களில் எங்களைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முகம் தெரியாதவர்கள். அரிசி, மெத்தை, சக்கர நாற்காலி. காஜாங்கிலிருந்து ஒரு குடும்பம் வேன் நிறையத் துணி கொண்டுவந்தது. எல்லோரும் என் கணவரின் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொருவரிடமும் தம்பியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொள்வார்கள். "ம்" என்பார்கள். பிறகு படம் எடுத்துக்கொள்ளலாமா என்பார்கள். பிறகு போய்விடுவார்கள். கொடுத்த பொருளை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. உடுத்தியிருந்ததுகூட யாரோ கொடுத்ததுதான்.

தவுக்கேயிடம் உண்மையைச் சொன்னது மக்சிக். தவுக்கே கடையைக் கழுவ வந்தபோது, மக்சிக் கட்டுப் போட்ட முட்டியோடு நொண்டி நொண்டிப் போய் அந்தப் பக்கக் கதவு முன்னால் நின்றாராம். யார் யார் அந்தப் படியில் ஏறினார்கள் என்று ஒவ்வொரு ஆளாகச் சொன்னாராம். தவுக்கே துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நேராக போலீஸ் நிலையத்துக்குப் போனார். புகாரைத் திரும்பப் பெற்றார். அது அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. வீடியோ இருக்கிறதே என்றார்கள். அவர் விடாமல் நடந்தார். தன் கதவு, தன் சரக்கு, தனக்குக் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒருநாள் விலங்கைக் கழற்றினார்கள்.

அன்று மாலை தவுக்கே மருத்துவமனைக்கு வந்தார். ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு மலாய் கொஞ்சம், தமிழ் அதைவிடக் கொஞ்சம்.

"நீ ஒடைக்கிறதுனா சின்னக் கண்ணாடி ஒடைக்கணும் லா" என்றார். "அது பெரிய கண்ணாடி."

தம்பி சிரித்தான். தாடையில் கம்பி வைத்துக் கட்டியிருந்ததால் சிரிப்பு வலியாக முடிந்தது. தவுக்கே சிரிக்க முயன்று, முடியாமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடித்தவர்களைப் பற்றி நான் புகார் கொடுத்தேன். யார் என்று அடையாளம் சொல் என்றார்கள். அடுத்த லோரோங்கில் இருப்பவனைச் சொன்னேன். அவன் தள்ளுமுள்ளில் நின்றதாகவும் அடிக்கவில்லை என்றும் சொன்னான். கூட்டத்தில் எடுத்த வீடியோக்கள் எத்தனையோ இருந்திருக்கும். அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பிறகு அந்த நிருபர் போன் செய்தாள். விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. தம்பி வீடு திரும்பி, நாங்கள் சேற்றைச் சுரண்டி எடுத்த அந்த வீட்டிலேயே மறுபடி பாய் விரித்திருந்த நேரம்.

"அக்கா, உங்க தம்பியப் பத்தி ஒரு ஸ்டோரி பண்ணணும். ஹீரோ ஸ்டோரி. மக்களுக்கு உண்மை தெரியணும்ல."

எனக்கு அது வேண்டும்போலத்தான் இருந்தது. ஊர் முழுக்கத் திருடன் என்று பார்த்தது. திருடன் இல்லை என்றும் ஊர் முழுக்கப் பார்க்கட்டும். தம்பியைச் சம்மதிக்க வைத்தது நான். என் கணவர் கைலியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவளும் அதே கேமராக்காரரும் வந்தார்கள். கூடத்தில் விளக்கை நட்டு, கேமராவை முக்காலியில் நிறுத்தினார்கள். சுவரில் என் தலைக்குமேல்வரை சேற்றுக் கோடு இருந்தது. அதன் முன்னால் தம்பியை உட்கார வைத்தார்கள். அவன் கேமராக்காரரைப் பார்த்தான்.

"அண்ணே, படகுல நீங்கதானே இருந்தீங்க?"

"ஆமா, தம்பி."

"நான் பெட்டியக் கொண்டுபோய் எதிர்க்கடையில குடுத்தது, பாத்தீங்களா?"

கேமராக்காரர் கொஞ்ச நேரம் ஒயரைச் சரிசெய்தார். நடுவயசு ஆள், முன்தலை வழுக்கை.

"தூரத்துல இருந்து பாத்தேன். அதையும் எடுத்துத்தான் குடுத்தேன். வெட்டுறது, ஒட்டுறது எல்லாம் நாங்க இல்ல தம்பி."

"அதே வீடியோவ முழுசாப் போட்டுறலாமே. நான் எதுக்குப் பேசணும்?"

நிருபர் நடுவில் வந்தாள். "அது பழசு தம்பி. இப்ப புதுசா எமோஷனலா ஒண்ணு வேணும். கண்ணுக் கட்ட ஒரு நிமிஷம் எடுக்கிறீங்களா? மக்கள் பாத்தாத்தான் அந்த வலி தெரியும். அப்புறம் கம்பியோட கடை முன்னால ஒரு ஷாட். அங்கிளத் தோள்ல தூக்கிட்டு நடக்கிற மாதிரி ஒரு ஷாட். அங்கிள், கைலி வேணாம், கால் கொஞ்சம் தெரியட்டும்."

அவள் கெட்டவள் இல்லை. தான் நல்லது செய்வதாகத்தான் நம்பினாள். சொல்லிக்கொண்டே பழக்கத்தில் கையை நீட்டி என் கணவரின் கைலியைத் தொட்டாள்.

அவர் கைத்தடியைத் தூக்கினார். அக்குளில் வைத்து ஊன்றும் அலுமினியத் தடி அது. அவளை அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே பாய்ந்தேன். அடி கேமராவின்மேல் விழுந்தது. முக்காலி சாய்ந்தது. கேமரா தரையில் விழுந்து கண்ணாடி தெறித்தது. அவர் அதோடு நிற்கவில்லை. ஒற்றைக் காலில் தத்தி, கீழே உட்கார்ந்து, தரையில் கிடந்ததை மறுபடி மறுபடி அடித்தார். விளக்கையும் அடித்தார். பல்பு வெடித்துக் கூடம் இருட்டியது. கண்ணாடித் துண்டு அவர் கன்னத்தைக் கீறி ரத்தம் வந்தது. தடி வளைந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் குரல் உயர்த்திப் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

"என் கால எடுக்கிறதுக்கு முன்னால என்னக் கேட்டியா?" என்றார். "அவன் கண்ண எடுக்கிறதுக்கு முன்னால அவனக் கேட்டியா?"

தம்பிதான் பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தான். "போதும் மச்சான். போதும். விட்டுருங்க." அவர் தம்பியின் நெஞ்சில் சாய்ந்து மூச்சு வாங்கினார். இருவரும் தரையில் கண்ணாடித் தூளுக்கு நடுவே கிடந்தார்கள்.

நிருபர் சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள். "நாங்க உதவி செய்யத்தானேக்கா வந்தோம்" என்றாள்.

"தெரியும்மா" என்றேன். "போயிரு."

கேமராக்காரர் மண்டியிட்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். தம்பி அவருக்கு விளக்கைத் தூக்கிக் கொடுக்கப் போனான். அவர் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். வாசலில் திரும்பி, "ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன். படியில விழுந்திருச்சுன்னு சொல்றேன்" என்றார். அப்படியே சொல்லியிருக்கவேண்டும். எங்களைத் தேடி யாரும் வரவில்லை.

அந்த ஹீரோ கதை ஒளிபரப்பாகவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர்கள் இணையப் பக்கத்தில், செய்தி ஒன்றுக்கு அடியில், அந்த நபர் மீது நடவடிக்கை எதுவும் இல்லை என்று போலீஸ் தெரிவித்ததாக ஒரே ஒரு வரி வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. அதைப் படித்த யாரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை.

ஒற்றைக் கண்ணுக்குக் கொண்டெய்னர் லோரி ஓட்ட அனுமதி கிடையாது. தம்பி கேரி தீவில் ஒரு பட்டறையில் சேர்ந்தான். செம்பனை எண்ணெய்த் தோட்டத்து டிராக்டர்களைப் பழுது பார்க்கும் வேலை. அங்கேயே தங்கிக்கொள்கிறான். இடது கண் பார்க்கும்படி முகத்தைத் திருப்பித்தான் இப்போது பேசுகிறான். பேருந்தில் யாராவது உற்றுப் பார்த்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறான். முன்பானால் "என்னா பாஸ்?" என்று கேட்டிருப்பான். நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டு, கிள்ளானிலேயே ஒரு அடுக்ககத்தில் மேல்மாடிக்குப் போய்விட்டோம். மின்தூக்கி அடிக்கடி கெட்டுவிடுகிறது. என் கணவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த வீடியோ யாராலோ மறுபடி பகிரப்படுகிறது. புதிதாக எங்கோ வெள்ளம் வந்திருக்கும். அங்கே நடந்தது என்று தம்பியைப் போட்டிருப்பார்கள். அடியில் கெட்ட வார்த்தைகள். கையை வெட்டு, ஆற்றில் தள்ளு, இவன் இனமே இப்படி. நான் வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வரும்போது அதையெல்லாம் படிப்பேன். பல்லைக் கடிப்பதில் தாடை வலிக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே பதிலைத் தட்டுவேன். இவர் என் தம்பி, தோளில் இருப்பது பால் மாவு, எதிர் மாடியில் பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. சிலர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். ஒருவன் "எவ்வளவு பங்கு கொடுத்தான்?" என்று கேட்டான். அன்று கைப்பேசியை ரயில் ஜன்னலில் அடித்தேன். திரையில் விரிசல் விழுந்தது.

போன மழையில் ஒரு பெண் மட்டும் திரும்ப எழுதினாள். "தெரியாமல் போட்டுவிட்டேன், அக்கா. எடுத்துவிடுகிறேன்." பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீடியோ அவள் பக்கத்திலிருந்து மறைந்தது. ரயிலை விட்டு இறங்கியதும் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் டிராக்டர் இரைச்சல் கேட்டது.

"ஒருத்தங்களா?" என்றான்.

"ஒருத்தங்க."

"சரிக்கா." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "ஸ்பானர் எடுத்துக் குடுக்கணும். மச்சான் சாப்ட்டாரா?"

இன்னும் இல்லை, இனிமேல் போய்த்தான் சமைக்கவேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரேன், நண்டு வாங்கிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வைத்தான்.